சிங்காநல்லூரில் வீடு வாங்கித் தந்தவர்கள்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே திருச்சி சாலையின்மேல், நொய்யல் நீரால் நிறையும் பெரிய குளமொன்றை அடுத்து அமைந்துள்ள சிங்காநல்லூரில், இன்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த குடியானவர் ஒருவரிடம் வெளியூரான் ஒருவன் போய், 'இங்கே விலைக்கு ஒரு வீடு வேண்டும். வாங்கித் தருவார் யார்?' என்று கேட்டிருப்பானாயின், அவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, 'எந்த ஊருங்க? யாரோட பங்காளிங்க?' என்று எதிர்க்கேள்வி போட்டிருப்பாரேயன்றி விடை கூறியிருக்கமாட்டார். அக்காலத்தில் வீடு என்பது தானே கட்டிக்கொள்ளும் பொருள். பாகப் பிரிவினையில் வந்து சேரும் பொருள். கடன் முற்றிப்போன வேளையில் மனவருத்தத்தோடு கைமாறும் பொருளும் ஆகும். பணத்தை மடியில் முடிந்துகொண்டு தெருத் தெருவாய்த் தேடி வாங்கும் பொருளாக மட்டும் அது இருந்ததில்லை. வாங்குவோன் ஒருவன் தோன்றிய பிறகே அவன் பொருட்டுத் தேடித் தருவோன் ஒருவன் தோன்ற இயலும். அவ்விருவரும் இவ்வட்டாரத்தில் தோன்றிய வரலாறு பஞ்சாலைகளின் வரலாற்றோடும், மாட்டுச் சந்தையின் சம்பிரதாயங்களோடும், ஆங்கிலேயர் இயற்றிவைத்துப் போன சில சட்டங்களோடும் பின்னிக் கிடக்கின்றது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியாரின் வசமாயிற்று. காலக்கிரமத்தில் ரயத்துவாரி முறை நிலைபெற்று, ஒவ்வொரு நிலமும் அளக்கப்பட்டு எண் பெற்று, அதை உழுபவன் பெயரில் பட்டா ஏற்படவே, காடும் தோட்டமும் வயலும் தனித்தனியே விற்கவும் ஈடு வைக்கவும் வசதியான சொத்துகளாயின. எனினும் விற்பனை நிகழ்ந்ததெல்லாம் பெரும்பாலும் அடுத்த காட்டுக்காரருக்குள்ளும், பங்காளிகளுக்குள்ளும், மாமன் மச்சான்மார்களுக்குள்ளுமே. கொங்கு நாட்டுப் பழைய கிரய சாசனங்களில், நாலெல்லைகளையும் கூறும் செக்குபந்தி மட்டுமல்லாது, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, மாடு கட்டி நீர் இறைக்கும் கவலையை ஓட்டிக்கொள்ள இன்ன முறை, வண்டி போக இன்ன தடம், வரப்பின்மேல் நிற்கும் மரம் இன்னாருக்கு என்று விவரங்கள் வரிசையாக வருவதைக் காணலாம். இவற்றை எழுதியவர் எழுத்தர். ஆனால் இவற்றை அறிந்திருந்தவன் வாங்குவோனே. எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், விற்பவருடைய இளைய தாரத்துப் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான், எந்தத் தடத்தைப்பற்றி எவர் எவரோடு பேச்சற்றுப் போனார் என்பனவெல்லாம் அவன் பிறந்தது முதல் காதில் விழுந்த செய்திகள். இப்படிப்பட்டவனுக்குப் பிரதிநிதி எதற்கு? ஊரே அவனுக்குப் பிரதிநிதி.

தரகர் என்பவரைக் கொங்கு நாட்டுக் குடியானவன் முதலில் சந்தித்த இடம் மாட்டுச் சந்தையாகும். கண்ணபுரத்து மாரியம்மன் கோயில் விழாவையொட்டிச் சித்திரையில் கூடும் சந்தையிலும், அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டி ஆடியில் கூடும் சந்தையிலும், பொள்ளாச்சியின் வாரச் சந்தையிலும் காங்கேயம் காளைகள் கைமாறிய முறையைக் கண்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. தரகர் தம் தோளிலிருக்கும் துண்டை எடுத்து விற்பவருடைய கையின்மேல் போடுவார். துண்டின் மறைவில் விரல்களைப் பிடித்து விலையைச் சொல்வார், அல்லது கேட்பார். பின்னர் அதே துண்டோடு வாங்குபவரிடம் வந்து அவர் விரல்களைப் பிடிப்பார். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அதுமட்டுமா? விற்பவர் எதற்கு இசைந்தார் என்பது வாங்குபவருக்கும், வாங்குபவர் எதுவரை ஏறுவார் என்பது விற்பவருக்கும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒருவரே. அவர் இரு பக்கமும் தரகு வாங்கிக்கொள்வதை எவரும் குற்றமாகக் கருதியதில்லை. ஏனெனில், அவர் எவருடைய ஆளும் அல்லர் என்பது அனைவருக்கும் தெரிந்த விஷயம்.

ஆயின் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவன் தனியே போவதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. மாடு பார்க்கத் தெரிந்த ஒருவரை, அவர் பெரும்பாலும் சிற்றப்பனாகவோ மாமனாகவோ பக்கத்துத் தோட்டத்துப் பெரியவராகவோ இருப்பார், கூடவே அழைத்துக்கொண்டு போவான். பல்லைப் பிடித்து வயது பார்ப்பதும், சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பதும், நுகத்தடியில் பூட்டிப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்துவதும், 'வேண்டாமப்பா, வா போலாம்' என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்புவதும் அவருடைய வேலை. அவருக்குக் கூலி கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடும் வெற்றிலை பாக்குமே மரியாதை. ஆனால் வாங்கிவந்த காளை ஏரில் படுத்துக்கொண்டால், அடுத்த பத்தாண்டுக் காலம் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அந்தப் பேச்சு அவரைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். கூலியில்லாத அந்த மனிதரைக் கட்டிய கயிறு அதுதான். தரகர் வியாபாரத்தை முடித்துவைப்பவர். உடன் வந்தவர் வாங்குவோனைக் காப்பவர். இவ்விரு தொழில்களும் சந்தையில் ஒருவரிடமே சேர்ந்ததில்லை. வீட்டு விற்பனையில் அவை ஒருவரிடமே சேர்ந்துபோனதுதான் நம் ஊர்களின் விசேஷம். அநேக துன்பங்களுக்கு மூலமும் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

அவை அவ்வாறு சேர்ந்துபோனதற்குக் காரணம் பஞ்சாலைகள். 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் தோன்றியது. 1910இல் லட்சுமி மில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கம்போடியாப் பருத்தி இம்மண்ணில் வேர்பிடித்தது. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் மில்கள் மழைக்காலத்துக் காளான்போல் முளைத்தன. சிங்காநல்லூரில் ஆர். கே. சண்முகம் செட்டியார் குடும்பத்தாரின் வசந்தா மில்லும், அப்பால் ஒண்டிப்புதூரில் கம்போடியா மில்லும் எழுந்தன. சங்கு ஊதும் நேரமே ஊரின் நேரமாயிற்று. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்து மேட்டுக் காடுகளில் மழை பொய்த்துப்போன குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கின. அவர்களுக்கு இவ்வூரில் பங்காளியும் இல்லை, மாமனும் இல்லை. கிணற்றின் கதை தெரியாது, தடத்தின் கதையும் தெரியாது. நிலக்காரர்கள் தங்கள் காட்டின் ஓரத்தில் நடுவே ஒரு வாசலை விட்டுச் சுற்றிலும் ஓட்டு வீடுகளை இழுத்துக் கட்டினார்கள். லைன் வீடு என்றும் வளவு என்றும் இன்றும் வழங்குபவை அவையே. அவற்றில் காலியான வீடு எது என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் டீக்கடைக்காரரும், பால்காரரும், மில் மேஸ்திரியுமே. வீட்டுத் தரகின் முதல் பாடசாலை வாடகை வீடு.

நகரத்தின் மேற்குப் புறத்தில் நடந்தது வேறு விதம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் மீண்டும் மீண்டும் பரவியதால் ஜனங்கள் நெருக்கமான பேட்டைகளை விட்டு வெளியே குடியேற நேர்ந்து, நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் ஆர். எஸ். புரம் உருவாயிற்று. அங்கே தெருக்கள் கோடு போட்டு வகுக்கப்பட்டன. மனைகளுக்கு எண் இருந்தது. வாங்குவோர் வக்கீல்களும் வியாபாரிகளும் உத்தியோகஸ்தர்களுமாய் இருந்ததால் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வல்லவராயிருந்தனர். கிழக்கே சிங்காநல்லூரில் கோடும் இல்லை, எண்ணும் இல்லை, வக்கீலும் இல்லை.

இக்கதையில் சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது வாசகர்கட்கு விநோதமாகத் தோன்றலாம். 1930களில் சிங்காநல்லூரில் ஏற்பட்ட சென்ட்ரல் ஸ்டூடியோ ஒரு காலத்தில் தென்னாட்டுப் படத் தொழிலின் பெரிய கேந்திரமாக விளங்கிற்று. 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்ட தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' அங்கேதான் தயாராயிற்று. ஜூபிடர் நிறுவனத்தாரின் 'ராஜகுமாரி', எம். ஜி. ஆர். முதன்முதல் கதாநாயகராக நடித்து 1947இல் வெளிவந்த படம், அங்கேதான் தயாராயிற்று. அதற்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சிங்காநல்லூரிலேயே ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார். நடிகர், பாட்டுக்காரர், ஒலிப்பதிவாளர், தச்சர் என்று மாதக் கணக்கில் தங்க வந்தவர்களுக்கு வீடு தேடவேண்டியிருந்தது. கூத்துக்காரருக்கு வீடு விடுவதா என்று தயங்கிய வீட்டுக்காரர்களைச் சமாதானப்படுத்தவும் வேண்டியிருந்தது. 'நல்ல மனுசனுங்க, நானாச்சு' என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். வீட்டுத் தரகரின் மூலதனம் வீடுகளைப் பற்றிய தகவலோடு நிற்காமல், வந்தவன் யோக்கியன் என்று ஊருக்கும், ஊர் நல்லது என்று வந்தவனுக்கும் கொடுக்கும் உறுதிமொழியாகவும் வளர்ந்தது இத்தகைய சூழ்நிலையில்தான் என்று ஊகிப்பது தவறாகாது.

வாடகைக்கு இருந்தவர் சொந்தமாக வாங்க முனைந்ததற்குப் பணம் வந்த வழியையும் பார்க்கவேண்டும். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேமநல நிதியும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பணிக்கொடையும் மில் தொழிலாளிக்கு உரிமையாயின. தீபாவளி போனஸில் ஒரு பகுதியும், மனைவியின் கழுத்துச் சங்கிலியும், சேமநல நிதிக் கடனும் சேர்ந்தால் நாலு சென்ட் நிலம் வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. நூறு சென்ட் ஒரு ஏக்கர் என்றும், ஒரு சென்ட் ஏறத்தாழ 435 சதுர அடி என்றும் கணக்குத் தெரியாத மில்காரர் எவரும் அக்காலத்தில் இருந்திருக்கமாட்டார். காட்டை வாங்கி, கல் நட்டு, இருபதடி வழி விட்டு, 'சைட்' போட்டு விற்கும் புதிய வியாபாரிகள் தோன்றினர். டீக்கடைப் பெஞ்சில் இருந்த தரகர் மோட்டார் சைக்கிளுக்கு ஏறினார். 1981இல் கோயம்புத்தூர் மாநகராட்சியானபோது அதுவரை தனி நகராட்சியாயிருந்த சிங்காநல்லூரும் அதனுள் சேர்ந்தது. நிலத்தின் விலை அன்று முதல் வேறு கணக்கில் ஏறத் தொடங்கியது. பின்னர் மில்கள் ஒவ்வொன்றாய் நொடித்து மூடிய காலத்தில், வேலையிழந்தவர் கையில் மொத்தமாய் வந்த பணமும், மூடிய மில்களின் நிலமும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வந்தன. வேலையிழந்த மில்காரர் சிலரே தரகரானார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஊரில் அறிமுகம் இருந்தது, முதல் தேவைப்படாத தொழில் அது ஒன்றே.

இனி அந்தத் தொழிலின் உட்புறத்தைச் சற்றுப் பார்ப்போம். வெளிப்படையான தரகு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. அதை விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தனித்தனியே பெறுவது வழக்கம். மறைவான தரகு வேறு. விற்பவர் தரகரிடம், 'எங் கைக்கு இவ்வளவு வந்தாப் போதுமுங்க. மேல வச்சு வித்தா அது உங்க சாமர்த்தியம்' என்று சொல்லிவிடுவார். தரகர் வாங்குபவரிடம் வந்து, 'அண்ணா, நீங்க நம்ம ஆளு. உங்களுக்காகத்தான் இத்தன தூரம் பேசிக் கொறச்சிருக்கேனுங்க' என்பார். குறைத்தது எதிலிருந்து என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம். துண்டு மறைந்துபோயிற்று, துண்டின் மறைவு மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் சந்தைத் தரகர் ஒருபோதும் 'நான் உன் ஆள்' என்று சொன்னதில்லை. இவர் இருவரிடமும் அதையே சொல்கிறார். இதில் இவரை மட்டும் நிந்திப்பது நியாயமன்று. தம் பங்காளியை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட மனிதன், 'நம்ம ஆள்' என்னும் சொல்லைக் கேட்க ஏங்கினான். கேட்டவனுக்கு அதைச் சொன்னார்கள்.

'நான் உன் ஆள்' என்று ஒருவன் சொன்னால் அதிலிருந்து என்னென்ன கடமைகள் விளையும் என்பதை ஆராய்ந்து எழுதிய சட்டம் ஒன்று நம் தேசத்தில் 1872 முதலே அமலில் இருக்கிறது. அதுவே இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் பத்தாம் அத்தியாயம் முழுவதும் முகவரைப் பற்றியது. அதில் 216ஆம் பிரிவின் கீழ் உதாரணமாக ஒரு சிறு சம்பவம் கூறப்பட்டிருப்பது, வீட்டைப் பற்றியதாகவே அமைந்திருப்பது வியப்புக்குரியது. ஒருவன் தன் முகவனை அழைத்து, குறிப்பிட்ட ஒரு வீட்டைத் தனக்கு வாங்கித் தரும்படி பணிக்கிறான். முகவனோ, அவ்வீடு கிடைக்காது என்று இவனிடம் சொல்லிவிட்டுத் தனக்கே அதை வாங்கிக்கொள்கிறான். உண்மை தெரியவந்ததும், முகவன் என்ன விலைக்கு வாங்கினானோ அதே விலைக்கு அவ்வீட்டைத் தனக்கு விற்கும்படி முதலாமவன் அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்கிறது சட்டம். பிரிவின் விதி இன்னும் விரிவானது: முகவன் தன் எஜமானனுக்குத் தெரியாமல், அவனுக்காகச் செய்யவேண்டிய காரியத்தில் தன் கணக்கில் வியாபாரம் செய்து எவ்வளவு இலாபம் அடைந்தாலும், அதை எஜமானன் கேட்டுப் பெறலாம். 'மேல வச்சு வித்தா உங்க சாமர்த்தியம்' என்னும் ஏற்பாட்டில் வாங்குபவரின் முகவராகவே ஒருவர் ஈடுபட்டிருந்தால், அந்தச் சாமர்த்தியத்தின் பலன் வாங்குபவரைச் சேர்ந்தது என்று வாதிக்க இது போதுமான ஆதாரம்.

அதே அத்தியாயத்தின் 185ஆம் பிரிவு அதைவிடச் சுவையானது. ஒருவனை முகவனாக்குவதற்குப் பிரதிப்பயன் எதுவும் தேவையில்லை என்று அது கூறுகிறது. அதாவது, கூலி வாங்காமல் சாப்பாட்டுக்கும் வெற்றிலை பாக்குக்கும் சந்தைக்குக் கூடவந்த அந்த மாமனும், வாங்குவோன் சார்பில் விலை பேசித் தீர்க்க ஒப்புக்கொண்டு வந்திருந்தால், சட்டத்தின் பார்வையில் முகவரே. நம்மவர்கள் சட்டம் படியாமலே ஆண்டுக்கணக்கில் நடத்திவந்த ஒரு ஸ்தாபனத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் சிங்காநல்லூரில் சைட் வாங்கியவர்களுள் இந்தப் பிரிவுகளைத் தரகரிடம் எடுத்துக் கூறியவர் எத்தனை பேர் இருப்பர்? தரகரை எவருடைய முகவர் என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, காகிதத்தில் எதுவும் இல்லை. காகிதத்தில் இல்லாததை நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதன்று.

இதற்கிடையில் வாங்குவோனின் பொறுப்போ ஏறிக்கொண்டே வந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, தமக்குத் தெரிந்ததும் வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாததுமான குறைகளையே விற்பவர் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறையை நீயே பார்த்துக்கொள் என்பது அதன் மறுபக்கம். 1929இல் அச்சட்டத்தில் செய்த திருத்தத்தால், பதிவான பத்திரத்தில் உள்ளதை வாங்குவோன் அறிந்திருந்ததாகவே கருதப்படும் நிலை ஏற்பட்டது. அவன் படித்தானா இல்லையா என்பது கேள்வியே இல்லை. ஆகவேதான் தாய்ப்பத்திரம் கேட்பது, முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, பட்டாவும் பத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பது, பெண்மக்களின் பங்கு விடுதலையாகியிருக்கிறதா என்று விசாரிப்பது என்று ஒரு நீண்ட சடங்கு உருவாயிற்று. இவற்றை வக்கீலோ பத்திர எழுத்தரோ செய்து தரலாம். ஆனால் சிறுவாணித் தண்ணீர் வருமா, பில்லூர்த் தண்ணீரா, அல்லது உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்க் கிணறு மட்டுந்தானா என்பது எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை. மழை பெய்தால் குளத்து வாய்க்கால் எந்தத் தெருவுக்குள் புகும் என்பதும் அப்படியே. அது ஊராருக்குத் தெரியும். ஊரார் என்னும் ஸ்தானத்தில் இப்போது தரகர் ஒருவரே நிற்கிறார். வியாபாரம் முடிந்தால் மட்டுமே அவருக்குக் கூலி.

அரசாங்கமே வீட்டை விற்றால் இந்தத் தொல்லை இராது என்று நினைத்தவர்களும் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வீட்டுவசதி வாரியம், 1980களில் சிங்காநல்லூரில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிற்று. வாரிய வீடு ஒதுக்கீட்டில் கிடைப்பது, விலை நிர்ணயமானது, அங்கே தரகருக்கு இடமில்லை. ஆனால் தவணை முடியும் வரையில் கிரயப் பத்திரம் கைக்கு வாராத வீட்டை, அவசரத்துக்கு விற்க விரும்பியவர்கள் 'பவர்' எழுதிக் கொடுக்கும் குறுக்குவழி நாடெங்கும் வழங்கியது. அக்குறுக்குவழியின் வழிகாட்டி தரகர். 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்சநீதிமன்றம், பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் செய்யும் விற்பனை சொத்துரிமையைத் தராது என்று தெளிவாகத் தீர்ப்புக் கூறிற்று. சிங்காநல்லூர் வாரியக் குடியிருப்போ கட்டி சில பத்தாண்டுகளுக்குள்ளாகவே சிதிலமடைந்து, இடித்துக் கட்டவேண்டிய நிலைக்கு வந்தது. ஒதுக்கீட்டில் கிடைத்த வீட்டின் கம்பியும் கான்கிரீட்டும் எத்தகையவை என்று வாங்குவோன் பொருட்டுப் பார்த்துச் சொல்ல அங்கேயும் எவரும் இருந்ததில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2016ஆம் ஆண்டு இத்துறையில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யலாகாது என்று தடை விதித்தது. அடுத்த ஆண்டில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வரும் வரையில் தமிழ்நாடு முழுவதும் சைட் வியாபாரம் ஸ்தம்பித்துப் போயிற்று. மற்றொன்று, ரெரா என்று சுருக்கமாக வழங்கும் நிலம், மனை, வீடு ஒழுங்குமுறைச் சட்டம். தரகருக்குப் பதிவும் எண்ணும் கணக்குப் புத்தகமும் வேண்டும் என்று அது விதித்தது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அது அவர் விற்றுக்கொடுத்த சொத்தின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரையில் ஏறலாம். வாங்குவோன் கேட்கும் தகவல்களும் ஆவணங்களும் அவன் கைக்குக் கிடைக்கச் செய்வது தரகரின் கடமை என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இவ்விஷயத்தில் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவின் அனுபவமும் நம்முடையதைவிட வெகுவாக மேலானதன்று. அங்கே நெடுங்காலம் வரையில், வாங்குபவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் காட்டிய முகவர், சட்டப்படி விற்பவரின் துணைமுகவராகவே இருந்தார். 1983இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வெளியிட்ட ஆய்வு, வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவரைத் தம் தரப்பினர் என்று நம்பியிருந்ததை வெளிப்படுத்தியது. தாம் எந்த விலை வரையில் போவோம் என்பதை அந்த நம்பிக்கையால் அவரிடமே சொல்லியும் வந்தார்கள். 1990களில்தான் வாங்குபவருக்கென்று தனி முகவர் என்னும் முறை அங்கே பரவியது. அப்போதும் அவர் கூலி விற்பவரின் பணத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2023இல் மிசௌரி மாநிலத்து நீதிமன்றம் ஒன்றில் ஜூரிகள் அளித்த தீர்ப்பின் விளைவாக ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைக் காட்டுவதற்கு முன்பே முகவர் தம் கூலி எவ்வளவு என்பதைக் குறித்து வாங்குபவரோடு எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியவராயினார்.

நம் பக்கத்தில் வாங்குவோனின் ஆள் என்னும் அந்த ஸ்தானத்தை இன்றும் உறவினரே வகிக்கின்றனர். பெங்களூரிலும் டெக்ஸாஸிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை சிங்காநல்லூரிலோ ஒண்டிப்புதூரிலோ வீடு வாங்க விரும்பினால், பணத்தை அவன் அனுப்புகிறான். வெயிலில் அலைந்து கிணற்றையும் சுவரையும் பத்திரத்தையும் பார்ப்பவர் ஓய்வுபெற்ற தகப்பனார். அவருக்குத் துணை மச்சினன். அவர்கள் தரகரின் பேச்சில் மயங்குவதும் உண்டு. ஆனால் அவர்கள் எவருடைய ஆட்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உறவினர் அருகில் இல்லாதவர்களும், உறவினரை நம்பிக் கெட்டவர்களும் என்ன செய்வது என்பதே மிஞ்சி நிற்கும் பிரச்சினை.

ரெரா அவர்களுக்கு உதவும் என்று நம்பியிருப்போர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் விதி, அச்சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் புதிய மனைப்பிரிவுகளையும் கட்டடத் திட்டங்களையும் விற்றுக்கொடுப்பதைப் பற்றியது. வளவிலோ, பழைய சைட்டிலோ, முப்பதாண்டுக்கு முன் மில்காரர் கட்டிய ஓட்டு வீட்டிலோ ஒருவர் கைமாற்றும் விற்பனைக்குத் தரகராக நிற்பவருக்கு அந்தப் பதிவும் தேவையில்லை, கணக்குப் புத்தகமும் தேவையில்லை. அவ்விடத்தில் வாங்குவோனுக்கு இருப்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே. அது உயிர்பெற வேண்டுமானால், தரகர் எவருடைய முகவர் என்பதும், எவரெவரிடமிருந்து எவ்வளவு பெறுகிறார் என்பதும் எழுத்தில் இருந்தாக வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பு ஒரு வெள்ளைக் காகிதத்தில் இந்த இரண்டு வரிகளை எழுதி அவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். கையெழுத்திட மறுப்பவர் மூலமாகவும் வீடு வாங்கலாம், தவறில்லை; ஆனால் அவரைச் சந்தைத் தரகராகவே வைத்துக்கொண்டு, பார்க்கத் தெரிந்த வேறொருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள்; அவருக்குரிய கூலியை நீங்களே உங்கள் கையால் கொடுங்கள்.